குழாயினுள் இறுகும் பனி

நீருக்கு வழி அமைத்தல் கம்பம் பள்ளத்தாக்கினர்க்குப் புதியதொரு செய்தியன்று. 1895 ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே இப்பக்கம் வருகின்றது. லோயர் கேம்பில் பெருங்குழாய்கள் அதனை மின்னிலையத்திற்கு இறக்குகின்றன. திராட்சைத் தோட்டங்களிலோ சொட்டுநீர்க் குழாய்கள் கொடிதோறும் செல்கின்றன. ஆதலின் குழாய் அடைபட்டால் யாது விளையும் என்பதை இங்குள்ள சிறுவனும் அறிவான். எரிவாயு செல்லும் குழாயும் பனியால் அடைபடும் என்பதை மட்டும் யாம் சென்ற கோடை விடுமுறையிலேதான் அறிந்தோம்.

எம் தமையனார் காக்கிநாடாப் பக்கத்தில், ஆழ்கடல் எரிவாயுவைக் கரையில் ஏற்கும் நிலையமொன்றில் பணிபுரிகின்றார். விடுமுறைக்கு வந்திருந்த அவரை நோக்கி, "அங்கே உனக்கு என்னதான் வேலையப்பா?" என்றார் எம் தந்தையார். தமையனார் ஆங்கிலச் சொற்கள் நான்கைந்து கூறி மேலே செல்ல இயலாது நின்றார். "தமிழ் படிக்கிற நீயாவது எடுத்துச் சொல்" என்று தந்தையார் எம்மை நோக்கவே, அண்ணனிடம் கேட்டுக் கேட்டு யாம் சொல்லலானோம்.

கடலடியிலுள்ள கிணற்றினின்று வாயுவோடு நீரும் கலந்து வரும். மிக்க அழுத்தமும் குளிரும் கூடியவிடத்து, நீரின் மூலக்கூறுகள் கூடுபோலக் கைகோத்து, நடுவே மீத்தேன் வாயுவைச் சிறைசெய்து இறுகும். நூறு வளிமண்டல அழுத்தத்தில் 10 பாகை வெப்பநிலையிலேயே இவ்வாறு நிகழும். நீர் உறையும் நிலை வரை குளிர வேண்டுவதில்லை. அமெரிக்க நாட்டில் வாயுக் குழாய்களை அடைத்தது இப்பொருளே என்று ஹாமர்ஷ்மிட் என்பார் 1934 இல் விளக்கினார். 2010 இல் மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, கசிவை அடக்க இறக்கிய பெருங்கூட்டையும் இப்பனியே அடைத்துப் பயனற்றதாக்கிற்று.

இதனைத் தடுக்கும் மருந்துகளுள் ஒன்று எத்திலீன் கிளைக்கால். அது நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால், கூடு கட்டுதற்கு நீர் எளிதிற் கிடைப்பதில்லை. ஆனால் அது மிகுதியாக வேண்டும். ஆதலின் கரை சேர்ந்தபின் நீரைக் காய்ச்சிப் போக்கி, மருந்தை மீட்டு மீண்டும் கடலுக்கு அனுப்புவர். அம்மீட்கும் பணியே எம் தமையனாருடையது. மற்றொரு வகை, நீரின் அளவில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே போதுமானது. பாலிவினைல் பைரோலிடோன் போன்ற அந்நெடுஞ்சங்கிலிப் பொருள்கள் முளைக்கும் பளிங்கின்மேல் ஒட்டிக்கொண்டு, வாயு கடந்து செல்லுமட்டும் அதன் வளர்ச்சியைத் தாழ்த்தும்.

அடுக்களையினின்று கேட்டுக்கொண்டிருந்த அன்னையார், "சர்க்கரைப் பாகு பூத்துப் போகாமல் இருக்க எலுமிச்சம்பழச் சாறு நாலு சொட்டு விடுகிறோமே, அது மாதிரியா?" என்றார். சாறு சர்க்கரையைப் பிரிக்கும், இஃது அவ்வாறு செய்யாது. எனினும் சிறிதளவு பொருள் பளிங்கைத் தடுப்பது இரண்டற்கும் பொது. தமையனார் மகிழ்ந்து, "அதேதான் அம்மா" என்றார்.

தந்தையார் சற்றே சிந்தித்து, "நாங்கள் உப்புப் படிந்த பிறகு அமிலம் விட்டுக் குழாயைக் கழுவுகிறோம், நீங்கள் படியுமுன்னே மருந்து விடுகிறீர்கள். மருந்து நின்றுபோனால்?" என்றார்.

அப்பொழுதுதான் தமையனார் அதுவரை வீட்டிற் சொல்லாததைச் சொன்னார். அடைத்த பனியின் ஒருபுறத்து அழுத்தத்தை மட்டும் குறைத்துவிட்டால், அது பெயர்ந்து குண்டுபோலப் பாயும். அதனால் உயிரிழந்தோர் உளர். ஆகவே இருபுறமும் மெல்ல மெல்ல இறக்கிக் கரையவிடுதல் வேண்டும். தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, "மருந்தைக் குறைக்காதே" என்று மட்டும் கூறினார்.

மூன்றாண்டுகளாகத் தம் மகன் செய்துவரும் தொழிலின் அருமையையும் இடரையும் பெற்றோர் அன்றுதான் உணர்ந்தனர். அதற்கு வேண்டிய சொற்கள் பாகிலும் தோட்டத்துக் குழாயிலும் முன்னரே இருந்தன. அவற்றை நாடுவாரே இலர். நம் கல்லூரியிலே அறிவியல் பயிலும் நண்பர்களும் தமிழ் பயிலும் யாமும் ஒருங்கமர்ந்து, கற்றதை வீட்டிலுள்ளார்க்கு விளங்கச் சொல்லப் பழகுவோமாயின், அது தமிழுக்கும் தொண்டாகும், பெற்றோர்க்கும் நன்றியாகும்.