ஐந்து காசு உல்லாசம்



திருவிழாக் காலத்தில் தோட்டத்துத் திடலுக்கு ஒரு ராட்டினம் வந்து இறங்கிவிட்டால் போதும், நம் பிள்ளைகளுக்குச் சோறு இறங்காது. பட்டணத்தில் ஃபன் ஃபேர் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாலோ, சம்பள நாள் வரும்வரை அப்பாவை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். இப்படிக் காசு கொடுத்துக் களிக்கும் இடங்களுக்கெல்லாம் மூத்த வீடு போன்ற ஓரிடம் அமெரிக்காவில், நியூயார்க் நகரத்தின் தென்கோடிக் கடற்கரையில் இருக்கிறது. அதன் பெயர் கோனி ஐலண்ட். அதன் கதையை இங்கே சொல்ல விரும்புகிறேன். வேடிக்கைக்காக மட்டுமன்று, உழைத்துப் பிழைக்கும் நமக்கு அதில் பாடங்கள் சில இருக்கின்றன.

1884ஆம் ஆண்டில் லமார்க்கஸ் தாம்சன் என்பவர் அங்கே மரச்சட்டங்களின் மேல் மேடும் பள்ளமுமாகத் தண்டவாளம் அமைத்து, அதில் வண்டியை உருள விட்டார். மணிக்கு ஆறு மைல் வேகம்தான். நம் பையன்களின் சைக்கிள் அதை முந்திவிடும். ஆயினும் 5 காசு கொடுத்து ஏற மக்கள் வரிசை பிடித்து நின்றார்கள். 1895இல் பால் பாய்ட்டன் என்ற நீச்சல் வீரர் ஓர் இடத்தை வேலியிட்டு அடைத்து, வாசலில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை உள்ளே விட்டார். 1897இல் ஜார்ஜ் டில்யூ என்பவரின் ஸ்டீப்பிள்சேஸ் பூங்கா வந்தது. தண்டவாளத்தில் மரக்குதிரைகள் ஒன்றையொன்று முந்தி ஓடுவது அதன் சிறப்பு. பாய்ட்டனின் இடத்திலேயே 1903இல் லூனா பார்க் எழுந்தது. மறு ஆண்டே டிரீம்லேண்ட் என்ற மூன்றாவது பூங்காவும் போட்டிக்கு நின்றது.

லூனா பார்க்கில் மட்டும் இரண்டரை லட்சம் மின்விளக்குகள் எரிந்தனவாம். அந்நாளில் ஏழைகளின் வீட்டில் மின்சாரம் ஏது? லயத்தில் முதன்முதலாக மின்விளக்கு எரிந்த இரவை நினைவில் வைத்திருக்கும் நம் பெரியவர்களுக்கு, அந்தக் கூட்டம் ஏன் வாய்பிளந்து நின்றது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

வந்தவர்கள் யார்? தையல் ஆலைகளிலும் துறைமுகத்திலும் வாரத்தில் ஆறு நாள் உழைத்தவர்கள். பல தேசங்களிலிருந்து கப்பலேறிப் பிழைக்க வந்தவர்கள். 1920இல் நகரத்தின் சுரங்க ரயில் கடற்கரைக்கே வந்து நின்றது. கட்டணம் 5 காசு. வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து லட்சம் பேர்வரை திரண்டதாகச் சொல்வார்கள். போலந்திலிருந்து பிழைக்க வந்த நாதன் ஹேண்ட்வெர்க்கர், அங்கே ஓர் உணவு விடுதியில் ரொட்டி வெட்டும் வேலை பார்த்தவர். 1916இல் சொந்தக் கடை திறந்து, முதலாளி 10 காசுக்கு விற்ற பண்டத்தை 5 காசுக்கு விற்றார். ஏழையின் பையை அறிந்தவர் ஏழை அல்லவா! அந்தக் கடை இன்றும் இருக்கிறது.

இந்த உல்லாசத்தின் நடுவே, நம்புவதற்கு அரிய ஒரு காட்சியும் நடந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கதகதப்பாக வைத்து, 25 காசு கட்டணத்தில் மக்களுக்குக் காட்டினார் மார்ட்டின் கூனி என்பவர். இதை என் ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னபோது வகுப்பே முகம் சுளித்தது. “ஐயோ, பாவம் டீச்சர்! குழந்தையை வைத்தா காசு பண்ணினார்கள்?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் முழுவதையும் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல் என்றேன்.

அந்தக் காலத்தில் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்ற முடியும் என்று பெரும்பாலான மருத்துவமனைகள் நம்பவில்லை. அதற்கான பெட்டியும் அவர்களிடம் இல்லை. கூனியிடம் பெட்டி இருந்தது, பயிற்சி பெற்ற தாதிகள் இருந்தார்கள், பாலூட்டும் தாய்மாரும் இருந்தார்கள். பெற்றோரிடம் அவர் ஒரு காசும் வாங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் 25 காசுதான் செலவைத் தாங்கியது. அவருடைய சொந்த மகளும் குறைமாதத்தில் பிறந்து, அதே பெட்டியில் வளர்ந்து, பின்னாளில் அங்கேயே தாதியாக வேலை பார்த்தார். ஏறத்தாழ 8,000 குழந்தைகள் கூனியிடம் வந்ததாகவும், 6,500 பேர் பிழைத்ததாகவும் கணக்குச் சொல்கிறார்கள். 1943இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்று இத்தகைய குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியதும், தம் வேலை முடிந்தது என்று அவர் கடையை மூடிவிட்டார். அந்த மாணவி சற்று நேரம் யோசித்துவிட்டு, “அப்படியென்றால் நானும் 25 காசு கொடுத்திருப்பேன் டீச்சர்” என்றாள்.

ஆனால் அதே லூனா பார்க்கில் 1905இல் நடந்த வேறொரு காட்சியைக் கேளுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் மலைப்பகுதியிலிருந்து இகோரோட் இன மக்கள் ஏறத்தாழ ஐம்பது பேரை, ட்ரூமன் ஹண்ட் என்ற அமெரிக்கர் ஒப்பந்தம் பேசி அழைத்து வந்தார். குடிசை போட்டு, வேலிக்குள் குடிவைத்து, “காட்டுமிராண்டிகள்” என்று விளம்பரம் செய்தார். சடங்கு நாளில் மட்டும் நாய் இறைச்சி உண்ணும் வழக்கமுள்ள அந்த மக்களை, கூட்டத்தின் வேடிக்கைக்காக நாள்தோறும் அதை உண்ண வைத்தார்கள். அவர்கள் பேரில் குவிந்த பணமோ கொஞ்சநஞ்சமன்று. கடைசியில் அவர்களுக்குரிய கூலியையே ஹண்ட் சுருட்டிக்கொண்டார் என்று வழக்கு வந்து, கைதானார்.

ஒப்பந்தம், கப்பல், கடல் கடந்த ஊர், கைக்கு வராத கூலி. இந்தச் சொற்கள் நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கதையில் இல்லாதவையா? அதனால்தான் அந்த மக்களின் கதை என் மனத்தை இன்னும் அறுக்கிறது.

இரண்டு இடத்திலும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள் ஒரே கூட்டத்தார். கொடுத்ததும் அதே சில்லறைதான். ஒரு பக்கம் அந்தக் காசு உயிரைக் காத்தது. மறுபக்கம் மனிதரை மிருகமாக்கியது. காசு எங்கே போய்ச் சேர்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அந்த ஒளிமயமும் நிலைக்கவில்லை. 1907இல் ஸ்டீப்பிள்சேஸ் எரிந்தது. டில்யூ அசரவில்லை, எரிந்த இடத்தைப் பார்க்கவும் 10 காசு என்று பலகை எழுதி வைத்து, மீண்டும் கட்டினார். 1911 மே மாதத்தில் டிரீம்லேண்ட் ஓரிரவில் சாம்பலாயிற்று. கூண்டிலிருந்த விலங்குகள் பல மடிந்தன. கண்ணாடிப் பெட்டிக் குழந்தைகள் அத்தனையும் காப்பாற்றப்பட்டன. 1944இல் லூனா பார்க்கும் தீக்கிரையாயிற்று. 1964 வரை தாக்குப்பிடித்தது ஸ்டீப்பிள்சேஸ் மட்டுமே. அந்த நிலத்தை அடுத்த ஆண்டு வாங்கியவர் ஃப்ரெட் டிரம்ப். அமெரிக்க அதிபராக வந்த டொனால்ட் டிரம்பின் தந்தை. அடுக்குமாடி வீடுகள் கட்டுவது அவர் திட்டம். 1966இல் விருந்து வைத்து, வந்தவர்கள் கையில் கல்லைக் கொடுத்து, பூங்காவின் கண்ணாடி முகப்பை உடைக்கச் சொன்னார். ஆனால் வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை. நிலம் வெறுமையாகக் கிடந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட கதைகளை அறிந்த நமக்கு இதுவும் புதிதல்ல.

ஆயினும் முழுவதும் அழிந்துவிடவில்லை. 1920இல் சுழலத் தொடங்கிய வொண்டர் வீல் ராட்டினமும், 1927இல் திறக்கப்பட்ட சைக்ளோன் வண்டியும் இன்றும் ஓடுகின்றன. ஊர் மக்கள் விடாமல் குரல் கொடுத்ததால், 1980களின் இறுதியில் நகராட்சி அவற்றைப் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக அறிவித்தது. 2010இல் பழைய பெயரிலேயே புதிய லூனா பார்க் ஒன்றும் திறக்கப்பட்டது.

அந்தப் பெயர் நம் பக்கமும் வந்திருக்கிறது. சிங்கப்பூரின் செரங்கூன் தீவை 1950இல் வாங்கிய இந்திய வணிகர் ஒருவர், அதைக் கோனி ஐலண்ட் போல் ஆக்க நினைத்தார். எண்ணம் ஈடேறவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 2015 முதல் அது மரமும் பறவையும் நிறைந்த பொதுப் பூங்கா.

பெற்றோர்களே! பிள்ளைகளை ராட்டினத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாள் சிரிக்க உரிமை உண்டு. அதை வீண்செலவென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ராட்டினத்தைச் சுற்றிவிடும் கையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த ஆளுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்று நீங்கள் கொடுத்த சீட்டுக் காசு வீண்போகவில்லை.