சதுரமும் கண்ணும்

பெருங்குடலின் உட்சுவரில் தோன்றும் முளைகளுட் சில, ஆண்டுகள் கழியப் புற்றுநோயாய் மாறுவன. வைத்தியர் ஒளிக்குழாய் செலுத்தி அவற்றைக் கண்டு களைவர். எனினும் மடிப்பினுள் ஒளிந்தும் தட்டையாய்ப் படிந்தும் கிடப்பன கண்ணுக்குத் தப்புதலுண்டு. படங்கள் பலவற்றாற் பயிற்றப்பட்ட கணினி, ஐயத்துக்குரிய இடத்தைத் திரையிற் சதுரமிட்டுக் காட்டும். சீனத்துச் செங்டு நகரில் 1058 பேரை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவில், கணினியின்றி நூற்றுக்கு 20.3 பேரிடமும், கணினியுடன் 29.1 பேரிடமும் புற்றாகத்தக்க முளைகள் காணப்பட்டன. நன்றே. ஆயின் 2025இல் வெளியான போலந்து நாட்டாய்வோ, கணினிக்குப் பழகிய வைத்தியர் அஃதின்றிப் பார்த்தபோது, முன்னர் 28.4 ஆக இருந்த வீதம் 22.4 ஆகக் குறைந்ததெனக் கூறிற்று. பிறர் சிவப்புக் கோடிட்ட விடைத்தாளை மறுமுறை திருத்துகையில் எம் கண் கோட்டிலேயே தங்குதலை அறிந்த எமக்கு இது வியப்பன்று. வைத்தியராயுள்ள பழைய மாணவர், சதுரம் தோன்றாத நாளில் தாம் எங்ஙனம் பார்க்கின்றனர் என்பதை எம் மாணவர்க்கு எழுதுவாராக.