தடித்த இதயமும் நீடித்த வாழ்வும்

கல்லூரி மைதானத்தில் ஓடுங்கால் ஏனையோர்க்கு முன்னரே எமக்கு மூச்சு வாங்கும். சோம்பலென்று தோழர் எள்ளினர். நாமும் அவ்வாறே எண்ணினோம். எமது தந்தையார் 42ஆம் வயதில் கிணற்றடியில் திடீரென வீழ்ந்து மாண்டார். ஊரார் விதியென்றனர். பல்லாண்டுகள் கழிந்து, 2004இல் இலண்டனில் நாமும் மயங்கி வீழ்ந்தபோதே இரண்டிற்கும் காரணம் ஒன்றாகலாம் என உணர்ந்தோம்.

இதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவர் அளவிறந்து தடித்து, குருதி பெருநாடிக்குச் செல்லும் வாயிலை மறிக்கும் பரம்பரை நோய் அது. 1958இல் இலண்டன் நோயியலறிஞர் டொனால்ட் டியர் இந்நோயைத் தெளிவுற விளக்கி எழுதினார். பெருநாடி வழியே கத்தியைச் செலுத்தித் தடித்த தசையில் ஒருபகுதியை அரிந்தெடுக்கும் முறையை, அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்துச் சத்திரவைத்தியர் அன்ட்ரூ மொரோ 1960களில் நிலைநாட்டினார். அவரையும் இந்நோயே பற்றியிருந்தது. 1982இல் அதனாலேயே மறைந்தார்.

மருந்துகள் போதாமையால் அம்முறையிலேயே எமக்குச் சிகிச்சை செய்தனர். அரிந்தெடுத்த தசை சில கிராம் நிறையே. சில மாதங்களில் இளைப்பின்றி மாடிப்படி ஏறினோம்.

இப்பயன் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதே அன்று எம் கவலை. அமெரிக்காவின் மேயோ வைத்தியசாலையினர் 289 நோயாளரை ஆராய்ந்து 2005இல் விடை தந்தனர். சிகிச்சையின் பின் ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் நூற்றுக்கு 96 வீதம். பத்தாண்டு வாழ்வோர் 83 வீதம். ஒத்த வயதுடைய பொதுமக்களின் ஆயுளுக்கு இஃது ஏறத்தாழ நிகர். தேர்ந்த நிலையங்களில் சத்திரசிகிச்சையால் இறப்போர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவு.

எனினும் நோய் ஒழிந்ததென எண்ணுதல் தவறு. வாயில் திறந்ததேயன்றித் தசையின் இயல்பு மாறவில்லை. பிற்காலத்தில் எமக்கு நாடித்துடிப்பு ஒழுங்கு குலைந்தது. அதற்கு இன்றும் மருந்து உண்கின்றோம். ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்கின்றோம்.

பெற்றாரில் ஒருவர்க்கு இப்பரம்பரைக் குறை இருப்பின், பிள்ளை ஒவ்வொன்றுக்கும் அது செல்லும் வாய்ப்புச் சரிபாதி. எம் மகனுக்கு அஃதில்லை, மகளுக்கு உண்டு. அவள் வீழ்வதற்கு முன்னரே அறிந்துகொண்டோம் என்பதே எம் ஆறுதல்.

உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கும் மாணவத் தம்பியர்க்கும் எமது வேண்டுகோள் ஒன்றே. ஓடுகையில் மயங்குபவனைச் சோம்பேறியெனக் கடியாதீர். அவன் குடும்பத்தில் இளவயதில் திடீரென மாண்டோர் உளரோவென வினவி, வைத்தியரிடம் அனுப்புங்கள். எம்மை வளர்த்த கல்லூரிக்கு இவ்விழாக் காலத்தில் நாம் அளிக்கக்கூடிய காணிக்கை இவ்வநுபவமே.