மௌனத்திற்கு எத்தனை வினாடி?

மேகாலயத்தின் மலைக்கிராமம் ஒன்றில் களப்பணி செய்துவந்த மொழியியல் ஆய்வாளர் ஒருவர், அன்றைய 43 ஒலிப்பதிவுகளையும் பல்கலைக்கழக வழங்கிக்கு அனுப்புமாறு, தாம் சி மொழியில் எழுதிய நிரலை ஓடவிட்டு உறங்கச் சென்றார். விடிந்து பார்த்தபோது இரண்டு கோப்புகளுக்கே ஒப்புகை வந்திருந்தது. நிரல் நிற்கவில்லை, பிழை எதையும் காட்டவுமில்லை. மூன்றாம் கோப்பின் ஒப்புகைக்காக இரவு முழுவதும் காத்திருந்தது.

சாக்கெட்டின் இயல்பே அது. 1983-இல் 4.2 பிஎஸ்டியுடன் வந்த இந்த இடைமுகத்தில், வேறு ஏற்பாடு செய்யாதவரை, 'ரிசீவ்' அழைப்பு தரவு வரும்வரை காத்திருக்கும். மறுமுனை முறையாக விடைபெற்றால் சுழியம் திரும்பும். மின்சாரம் போயோ வழி அறுந்தோ அது சொல்லாமல் மறைந்தால் எதுவுமே வராது, காத்திருப்புக்கும் முடிவிராது.

அவர் 'செட்சாக்ஆப்ட்' வழியாக 'எஸ்ஓ_ஆர்சிவிடைமோ' விருப்பத்தில் 30 வினாடி வரம்பிட்டார். வரம்பு கடந்தால் -1 திரும்பும். லினக்ஸில் எர்னோவின் மதிப்பு 'ஈஅகெய்ன்' ஆகும். 'மீண்டும் முயல்க' என்பதே அதன் பொருள். அந்த வரம்பும் ஒவ்வோர் அழைப்புக்கும் தனித்தனியே பொருந்துவது. ஒப்புகை ஒவ்வொரு பைட்டாகச் சொட்டினால் கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். மொத்தக் கெடு வேண்டுமெனில், பின்னோக்கி நகராத மோனோடோனிக் கடிகாரத்தைக் கொண்டு எஞ்சிய நேரத்தைக் கணித்து 'போல்' அழைப்பிடம் தரவேண்டும்.

ஆனால் 30 ஏன்? ஐந்து வினாடி என்றால் மலையின் மெதுவான இணைப்பு இறந்ததாகத் தோன்றும். பத்து நிமிடம் என்றால் இரவு வீணாகும். அந்த எண் மறுமுனையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. காத்திருப்பவரின் பொறுமையை மட்டுமே சொல்கிறது. ஒப்புகை வராததால் கோப்பு சேரவில்லை என்றும் ஆகாது. எனவே பதிவேட்டில் 'தோல்வி' என்றிருந்ததை 'மறுமொழி வரவில்லை' என்று மாற்றினார்.

மாற்றியதும் களக்குறிப்பேடு நினைவுக்கு வந்தது. முந்தைய நாள் ஒரு செடியின் பெயரைக் கேட்டபோது மூதாட்டி ஒருவர் பேசாதிருந்தார். சில நொடிகள் பார்த்துவிட்டு 'சொல் இல்லை' என்று எழுதி அடுத்த வினாவுக்குப் போயிருந்தார் ஆய்வாளர். அந்தக் குறிப்பே அகராதியில் ஏறியிருந்தால், தம் அவசரத்தை அந்த மொழியின் வறுமையாக அவர் பதிவு செய்திருப்பார்.

அன்று மாலை அச்செடியின் கிளையோடு மீண்டும் சென்றார். மூதாட்டி இலையைக் கசக்கி முகர்ந்தார், நெடுநேரம் பேசவில்லை. ஆய்வாளரும் பேசவில்லை. பிறகு மூதாட்டி இரண்டு சொற்களைச் சொன்னார்: தளிருக்கு ஒன்று, முற்றிய செடிக்கு ஒன்று.