மங்கலாக எரிந்த விளக்கு

1998ஆம் ஆண்டு புரோட்டோன் நிறுவனம் ‘சத்ரியா ஜிடிஐ’ என்னும் விளையாட்டு வகை மகிழுந்தை வெளியிட்டது. 1.8 லிட்டர் இயந்திரம், மூன்று கதவுகள். சாலையில் அது வளைந்து திரும்பும் திறனை மெருகேற்றியது இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம். நாம் ‘சத்திரியர்’ என்று வழங்கும் வடசொல்லே மலாயில் ‘சத்ரியா’ ஆனது. இன்று அந்தப் போர்வீரர்களுக்கு இருபது வயது கடந்துவிட்டது. ஆசைப்பட்டு வாங்குவோர் அவற்றின் முதுமையையும் சேர்த்தே வாங்குகின்றனர்.

புக்கிட் அசகான் தோட்டத்தில் வளர்ந்து, ஆயர் குரோவில் தொழிற்சாலை வேலை பார்த்த இளைஞர் ஒருவரும் அப்படித்தான் வாங்கினார். மழை பெய்யும் இரவுகளில் மட்டும் முகப்புப் பலகையில் மின்கலப் படம் கொண்ட சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. பகலில் அந்தச் சுவடே தெரியாது. முதலில் மின்கலத்தை மாற்றினார், பயனில்லை. “ஆல்டர்னேட்டர் போயிருக்கும்” என்றனர் நண்பர்கள். அதற்கும் பணம் சேர்க்கத் தொடங்கினார். இரவு வேலை முடிந்து, செம்பனைகளுக்கு நடுவே தெருவிளக்கு இல்லாத சாலையில் வீடு திரும்புபவர் அவர். வண்டி வழியில் நின்றால் உதவிக்கு ஆள் வராது.

ஜாசினில் அவர் நாடிச் சென்ற போர்மேன், முன்பு தோட்டத்து லாரிகளையும் டிராக்டர்களையும் பழுதுபார்த்தவர்.

“அண்ணே, ஆல்டர்னேட்டர் மாத்தணும்.”

“மாத்தலாம் தம்பி. முதல்ல அளந்து பார்ப்போம்.”

அந்தச் சிறு விளக்கின் ஒரு முனை, சாவி வழியாக மின்கலத்தோடு இணைந்துள்ளது, மறுமுனை ஆல்டர்னேட்டரோடு. சாவியைத் திருப்பியதும் மின்கலப் பக்கத்தில் மட்டுமே மின்னழுத்தம் இருப்பதால், மின்சாரம் விளக்கின் வழியே ஆல்டர்னேட்டருக்குப் பாய்கிறது, விளக்கு எரிகிறது. இயந்திரம் ஓடியதும் ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் அளவில் மின்சாரம் தருகிறது. இப்போது இரு முனைகளிலும் மின்னழுத்தம் சமம். ஒரே மட்டத்தில் நிற்கும் இரு குளங்களுக்கிடையே நீர் ஓடாதது போல, மின்சாரமும் ஓடாது, விளக்கு அணைகிறது. பல பழைய வண்டிகளில் தொடக்கத்தில் பாயும் அந்தச் சிறு மின்னோட்டமே ஆல்டர்னேட்டரை விழிக்கச் செய்கிறது. ஆகவே, சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியாவிட்டால் மகிழ வேண்டாம். பல்பு கருகியிருந்தால் மின்னேற்றமே நடக்காமல் போகலாம்.

மங்கலாக எரிகிறது என்றால், இரு முனைகளும் சமமாக இல்லை என்று பொருள். எந்தப் பக்கம் குறைந்தது என்பதை விளக்கு சொல்லாது.

போர்மேன் முதலில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் ரப்பர் வாரை அழுத்திப் பார்த்தார். வெயிலும் வெப்பமும் ரப்பரை என்ன செய்யும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வார் இறுக்கமாகவே இருந்தது. மின்கலத்தில் மல்ட்டிமீட்டரை வைத்தார்: ஓய்வில் 12.6 வோல்ட், இயந்திரம் ஓடும்போது 14.2. பிறகு மழை இரவைப் பட்டறைக்குள்ளேயே வரவழைத்தார். முன்விளக்குகள், துடைப்பான்கள், குளிரூட்டியின் விசிறி அனைத்தும் இயங்கின. விளக்கு மங்கலாகத் தலைகாட்டியது. மின்கலத்திலோ 14.1 வோல்ட் குறையாமல் நின்றது.

“ரெண்டுமே நல்லா இருக்கு தம்பி. நடுவுலதான் எங்கேயோ குறையுது.”

விளக்கிற்கு மின்கலப் பக்கத்திலிருந்து வரும் கம்பியில் 12.2 வோல்ட்தான் இருந்தது. காணாமற்போன 1.9 வோல்ட்டைத் தேடிக் கம்பி வழியே பின்னோக்கிச் சென்றார். சாவித்துளைக்குப் பின்னால் இருந்த செருகியைக் கழற்றியபோது, ஒரு முனை கருத்து, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. தளர்ந்த இணைப்பின் வழியே அதிக மின்னோட்டம் பாயும்போதெல்லாம் அங்கே வெப்பம் உண்டாகியிருக்கிறது. புதிய ஆல்டர்னேட்டரைப் பொருத்தியிருந்தாலும் அந்தச் செருகி உருகிக்கொண்டேதான் இருந்திருக்கும். ஒருநாள் தீப்பற்றியும் இருக்கலாம்.

ஓடும்போது விளக்கு திடீரெனப் பளிச்சென்று எரிந்தால் கதை வேறு. வார் அறுந்திருக்கலாம். சில வண்டிகளில் அதே வார்தான் நீரிறைப்பானையும் சுழற்றுகிறது. வெப்பமானி ஏறினால் உடனே ஓரங்கட்டி இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

செருகியையும் அதன் முனைகளையும் மாற்றியபின் போர்மேன் மீண்டும் அளந்தார்: மின்கலத்தில் 14.1, விளக்கில் 14.0. இளைஞர் தயங்கிக் கேட்டார், “அப்போ நான் மாத்தின பழைய பேட்டரி?”

“அது நல்லாத்தான் இருந்திருக்கும்,” என்று சொல்லிவிட்டு, போர்மேன் கருகிய செருகியை அவர் கையில் கொடுத்தார்.