பத்து வெள்ளியும் ஒன்றரை வெள்ளியும்

நெடுநாள்களுக்குப் பின் எழுத அமர்கிறேன். மதிப்பீட்டுத் தாள்களும் பள்ளிப் பணிகளும் இந்தப் பக்கம் தலைகாட்ட விடவில்லை. இன்று எழுதத் தூண்டியது ஒன்றரை வெள்ளி. ஆம், ஒரு வெள்ளி ஐம்பது காசுதான்! அதன்பொருட்டு எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் இரவு பத்தரை மணிவரை நீண்டது என்றால் நம்புவீர்களா?

கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி. தந்தை செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர். பல்கலைக்கழகத்தில் கணினித் துறை பயின்று, இப்பொழுது சிரம்பானில் பணிபுரிகிறாள். ஈராண்டுக் காலம் தன் சனி, ஞாயிறுகளைச் செலவிட்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்காக ஒரு கைப்பேசிச் செயலியை உருவாக்கினாள். 247 எழுத்துகளின் ஒலிப்பு, எழுதும் முறை, சிறுசிறு கதைகள் எல்லாம் அதிலுண்டு. குரல் கொடுத்தவர்கள் நானும் எங்கள் பள்ளி ஆசிரியைகள் இருவரும். ஊதியம் ஏதும் பெறவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ஐயுற வேண்டாம். ழகரத்தை மட்டும் பதினேழு முறை ஒலிப்பதிவு செய்தோம். மின்விசிறியின் இரைச்சல் ஒவ்வொரு முறையும் உள்ளே புகுந்துகொண்டது!

முதல் பத்துப் பாடங்கள் இலவசம். எஞ்சியவற்றுக்கு ஒரே ஒரு முறை பத்து வெள்ளி. பள்ளியில் ஏறத்தாழ அறுபது குடும்பங்கள் பதிவிறக்கம் செய்தன. பணம் செலுத்தியவை நான்கே நான்கு.

பத்து வெள்ளி பெரிதா என்று பெற்றோரைக் கேட்டேன். பணம் சிக்கலில்லை என்றனர். செயலிக் கடையில் வாங்க வேண்டுமானால் வங்கி அட்டையையோ மின்பணப்பையையோ கைப்பேசியோடு இணைத்து வைக்க வேண்டும். அந்தக் கைப்பேசியோ மாலை முழுவதும் பிள்ளையின் கையில். "பணப்பையைப் பிள்ளையின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது போல் இருக்கிறது, ஐயா" என்றார் ஒரு தாயார். இதே தாயார்தான் இரவுச் சந்தையில் அப்பம் பாலிக் வாங்கிவிட்டு டுவிட்நவ் கியூஆர் குறியீட்டை நொடியில் வருடிப் பணம் கொடுப்பவர்.

ஆகவே, "ஐயா, செயலிக்குள்ளேயே ஒரு கியூஆர் படத்தை வைத்துவிடுகிறேனே! பெற்றோர் நேரே எனக்குச் செலுத்தட்டும். கடைக்குப் போகும் ஒன்றரை வெள்ளியும் மிஞ்சும், எட்டரை வெள்ளிக்கே கொடுத்துவிடலாம்" என்றாள் என் மாணவி. பிறகு விதிமுறைகளைப் படித்தாள். முகம் வாடிவிட்டது. செயலிக்குள் வேறு கட்டண வழியை வைப்பதற்கு அனுமதியில்லை. வெளியே மலிவாகக் கிடைக்கும் என்று ஒரு வரி எழுதுவதும் ஆகாது. மீறினால் செயலியே கடையிலிருந்து நீக்கப்படலாம்.

இவ்விடத்தில் கணக்கைச் சற்றே விளக்குவது நலம். ஆப்பிள் நிறுவனம் 2008இல் தன் செயலிக் கடையைத் திறந்தபொழுது, விற்பனையில் நூற்றுக்கு 30 பங்கைத் தனக்கென வைத்தது. கூகுளும் அதே விகிதத்தைப் பின்பற்றியது. 2021இல், ஆண்டுக்குப் பத்து இலட்சம் அமெரிக்க டாலருக்குட்பட்ட வருமானத்துக்கு இரு கடைகளும் அதை 15 விழுக்காடாகக் குறைத்தன. ஆப்பிளில் அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். என் மாணவியின் ஒன்றரை வெள்ளி இப்படி வந்ததே.

இதில் எனக்கு விந்தையாகத் தோன்றுவது ஒன்றுண்டு. கைப்பேசிச் செயலி வழி நாசி லெமாக் வரவழைத்தால், வாடகை வண்டி அழைத்தால், சட்டை வாங்கினால், செயலிக் கடைக்கு ஒரு காசும் பங்கில்லை. பொருளும் சேவையும் கைப்பேசிக்கு வெளியே கிடைப்பதால் அவற்றுக்கு இந்த விதி பொருந்தாது. கைப்பேசிக்குள்ளேயே நுகரப்படும் விளையாட்டு, பாட்டு, பாடம் ஆகியவற்றுக்கு மட்டுமே தரகு. அச்சிட்ட பயிற்றுநூலாக அனுப்பினால் தரகில்லை. அதே பாடம் திரையில் ஒலித்தால் உண்டு!

கூட்டத்தில் இதை விளக்கினேன். காய்கறிக் கடை நடத்தும் பெற்றோர் ஒருவர் எழுந்தார். "ஐயா, சந்தையில் இடம் போட நான் வாடகை கட்டுகிறேன். விளக்கு அவர்களுடையது, கூட்டம் அவர்கள் சேர்த்தது. கூகுளும் ஆப்பிளும் கடை கட்டி வைத்திருக்கிறார்கள், கட்டணம் கேட்கிறார்கள். இதில் என்ன தவறு?" நியாயமான கேள்விதான். துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டையில் வேலை முடித்து, சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்த தாயார் ஒருவர் மறுமொழி கூறினார்: "அண்ணே, வாடகை என்றால் மாதத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். நீங்கள் விற்கும் ஒவ்வொரு கட்டுக் கீரையிலும் பங்கு கேட்டு, நாளைக்கு வீட்டுக்கே வந்து வாங்குங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லவும் கூடாது என்றால் கட்டுவீர்களா?"

எனக்கோ என் தந்தையாரின் 555 புத்தகம் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையளவுள்ள அந்தக் கடன் கணக்குப் புத்தகத்தை இளையோர் கண்டிருக்க மாட்டார்கள். சுங்கை காடுட்டை அடுத்த இரப்பர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்தபொழுது, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தோட்டத்துக் கடையில்தான். சிரம்பானைவிட விலை கூடுதல். அம்மா அதற்காகக் கடைக்காரரைத் திட்டாத நாளில்லை. ஆனால் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும் மாதங்களிலும், மழையால் மரம் சீவ முடியாத வாரங்களிலும் எங்கள் அடுப்பு எரிந்தது அந்தக் கடைக்காரர் தந்த கடனால்தான். கூடுதல் விலை கொள்ளையா, உதவிக்கான கூலியா? இன்றளவும் என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை.

ஆயினும் ஒரு வேறுபாடு இருந்தது. பேருந்துக் கட்டணம் கையில் இருந்தால் அப்பா சிரம்பானுக்குப் போகலாம். யாரும் தடுக்க முடியாது. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, சம்பளத்தை எந்த இடத்தில், எவ்வகையில், யாரிடம் செலவிட வேண்டும் என்று முதலாளி வேலை ஒப்பந்தத்தில் நிபந்தனை விதித்தால் அது செல்லாது என்கிறது. செயலிக் கடைக்காரர் முதலாளியல்லர். இந்தச் சட்டம் அவரைத் தொடாது. ஆனாலும் கடை இருக்கலாம், கட்டாயம் கூடாது என்னும் அந்த எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதற்காகக் குறிப்பிட்டேன்.

இந்தப் போர் தமிழகத்திலும் நடந்ததே! சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி திருமணத் தகவல் சேவையை நம்மில் பலர் அறிவோம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் செயலிக் கடைக் கட்டண விதிகளுக்காகக் கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் விதித்து, வேறு கட்டண வழிகளை அனுமதிக்கப் பணித்தது. கூகுள் அனுமதித்தது. எப்படி? வேறு வழியில் பணம் பெற்றால் தரகில் நான்கு விழுக்காடு தள்ளுபடி! 15 என்பது 11 ஆயிற்று. 30 என்பது 26 ஆயிற்று. வேறு வழியை நடத்தித் தரும் நிறுவனத்துக்கும் கட்டணம் கொடுத்தால் மிஞ்சுவது என்ன? பாரத் மேட்ரிமோனியை நடத்தும் நிறுவனமும் வேறு சிலவும் சென்னை உயர் நீதிமன்றம் சென்றன. 2023 ஆகஸ்டில் தள்ளுபடி; 2024 ஜனவரியில் மேல்முறையீடும் தள்ளுபடி. 2024 மார்ச் முதல் நாள், பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட செயலிகளைக் கூகுள் தன் கடையிலிருந்து நீக்கியது. இந்திய அரசு தலையிட்டபின் சில நாள்களில் அவை திரும்பின. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை 216.69 கோடியாகக் குறைத்தது.

நீக்கிய நாளின் செய்தியைப் படித்தபோது என் மாணவியை நினைத்துக்கொண்டேன். அத்துணைப் பெரிய நிறுவனத்துக்கு அமைச்சர் பேச வருகிறார். இவளுக்கு யார் வருவார்? நானா?

பிற நாடுகளிலும் இதே கதைதான். தென்கொரியா 2021இல் உலகிலேயே முதன்முதலாக இதற்கெனச் சட்டம் செய்தது. அங்கும் தள்ளுபடி நான்கு விழுக்காடுதான். அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் விளையாட்டை உருவாக்கிய எபிக் கேம்ஸ் 2020 ஆகஸ்டில் நேரடிக் கட்டண வழியைச் செயலிக்குள் வைத்தது. அன்றே இரு கடைகளும் விளையாட்டை நீக்கின. வழக்கின் முடிவில் வெளி இணைப்புக்கு இடம் தர வேண்டிய நிலை வந்தபொழுது, ஆப்பிள் அதற்கும் 27 விழுக்காடு வரை கேட்டது. அது நீதிமன்ற ஆணையை வேண்டுமென்றே மீறிய செயல் என்று 2025 ஏப்ரலில் நீதிபதி இவோன் கோன்சாலஸ் ரோஜர்ஸ் கடுமையாகத் தீர்ப்புரைத்தார். ஆப்பிள் மேல்முறையீடு செய்தது. பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு அங்கும் அதே சுங்கச் சாவடியை வைப்பது எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்!

கூட்டத்துக்கு வருவோம். கடையின் பக்கம் பேச வேண்டியதையும் பேசினார்கள். ஒரு தந்தை தம் மகன் ஏதோவொரு விளையாட்டில் அறியாமல் தட்டித் தட்டி இருநூறு வெள்ளிக்கு மேல் செலவாக்கியதைச் சொன்னார். முறையிட்டார், சில நாள்களில் பணம் திரும்பியது. "கியூஆரில் அனுப்பியிருந்தால் யாரைப் போய்க் கேட்பேன்?" என்றார். கூட்டம் அமைதியானது. என் மாணவி அதைக் குறித்துக்கொண்டாள்.

தலைமையாசிரியை உறுதியாகச் சொல்லிவிட்டார்: பள்ளிக்குள் விற்பனை கூடாது, ஆசிரியர் யாரும் பணம் வாங்கக் கூடாது. சரிதானே? என் குரல் ஒலிக்கும் பாடத்தை நானே வகுப்பில் விற்றால் அது அறமாகாது.

இறுதியில் வழியொன்று புலப்பட்டது. வேறிடத்தில் வாங்கிய பாடத்தைச் செயலியில் கணக்கு வழி திறந்து பயன்படுத்த விதிமுறை இடமளிக்கிறது. செயலிக்குள் அதைச் சுட்டிக்காட்டத்தான் தடை. ஆகவே செயலிக்குள் பத்து வெள்ளி விற்பனை அப்படியே இருக்கும். அவளுடைய இணையப் பக்கத்தில் கியூஆர் வழி எட்டரை வெள்ளி. எவ்வழியில் வாங்கினாலும் அவளுக்குக் கிடைப்பது அதே தொகை, மிச்சம் பெற்றோருக்கு. செயலி வாய்திறக்கக் கூடாது, அவ்வளவே. சங்கத்தின் வாட்சாப் குழு வாய்திறக்கலாமல்லவா? இரு வழிகளையும் அறிவித்தார்கள்.

இரண்டு மாதங்களில் முப்பத்தொரு குடும்பங்கள் சேர்ந்தன. கடை வழியாக வாங்கியவர்கள் எழுவர். இருநூறு வெள்ளித் தந்தையும் அவர்களுள் ஒருவர். என் மாணவிக்கு வேலை கூடிவிட்டது. குறியீடு வரவில்லை, கைப்பேசி மாற்றிவிட்டேன், இருமுறை செலுத்திவிட்டேன் என்று இரவு பதினொரு மணிக்கும் அழைப்பு வருகிறதாம். "கடைக்காரர் ஒன்றரை வெள்ளிக்கு என்ன செய்தார் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது, ஐயா" என்று சிரித்தாள். "அதற்காக முப்பது விழுக்காடு வேலையா என்றால், இல்லை" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சென்ற வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து வெளியே வந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பாட்டி வாயிலில் காத்திருந்தார். பெற்றோர் இருவரும் சிங்கப்பூரில் வேலை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிவப்புப் பத்து வெள்ளித் தாளை எடுத்தார். "வாத்தியாரய்யா, இத எப்படிப் போனுக்குள்ள போடுறது?"

ஆசிரியர் பணம் வாங்கக் கூடாது என்ற விதி நினைவிலிருந்தது. காய்கறிக் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். வந்தார், தாளை வாங்கிக்கொண்டு, தம் கைப்பேசியில் எட்டரை வெள்ளியைச் செலுத்திவிட்டு, மீதி ஒன்றரை வெள்ளியைச் சில்லறையாகப் பாட்டியின் கையில் எண்ணிக் கொடுத்தார். பேரன் அந்த ஐம்பது காசைக் கேட்டு அங்கேயே அழத் தொடங்கிவிட்டான்.