பேய் குடியிருந்த மலை

வானை முட்டும் வெண்பனிச் சிகரம்! அதன் அடியிலே நீலப்பட்டை விரித்தாற்போல் ஏரி! கரையிலே, கழுத்து மணி அசைய மேயும் பசுக்கள்! சுவிட்சர்லாந்து என்றதும் நம் கண்முன் எழுவது இந்தப் படந்தான். நாட்காட்டியிலே கண்டிருக்கிறோம். காதலர் இருவர் கைகோத்து ஆடிப்பாடும் திரைப்படக் காட்சியிலே கண்டிருக்கிறோம். கண்டு கண்டு, இந்த எழிலை மாந்தர் என்றென்றும் எழில் என்றே எண்ணினர் என நம்பியும் விட்டோம். இல்லை நண்பர்களே, இல்லை! ஆல்ப்ஸ் மலை நெடுங்காலம் அழகாக இருக்கவில்லை, அச்சமாக இருந்தது. அங்கே பேய் இருந்தது. பறக்கும் நாகம் இருந்தது. சாபம் இருந்தது. மலையை மறைத்திருந்தது மூடுபனி மட்டுமன்று, மூடநம்பிக்கையும்தான்!

மான்செஸ்டர் நகரில் செவிலியராகப் பணிபுரியும் என் அக்காள் அழைத்ததன் பேரில், 2024ஆம் ஆண்டு விடுமுறையிலே ஐரோப்பா சென்றேன். விமானத்தையும் விடுதியையும் பற்றி எழுதினால் ஏடு நிறையும்; எவருக்கும் பயன் இராது. மலைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

லூசர்ன் நகரையொட்டி நிமிர்ந்து நிற்கிறது பிலாத்துஸ் மலை. 2,128 மீட்டர் உயரம். பெயரைக் கேட்டதும் வியந்தேன். ஏசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்பளித்த ரோமாபுரி ஆளுநன் பிலாத்து இருக்கிறானே, அவன் பெயர்தான்! ரோமாபுரி எங்கே, இந்த மலை எங்கே? கதை கட்டுவோர்க்குத் தொலைவு ஒரு தடையா! பிலாத்து மாண்டானாம். அவன் உடலை டைபர் ஆற்றில் வீசினராம். ஆறு பொங்கியதாம், புயல் எழுந்ததாம். எடுத்துச் சென்று ரோன் ஆற்றில் போட்டனராம். அங்கும் அதே அமளி. இறுதியில், ஆளரவமற்ற இந்த மலையின் மேலிருந்த சிறு ஏரியிலே கொண்டுவந்து தள்ளினராம். அன்று முதல் அவன் ஆவி அங்கே உறைகிறதாம். எவரேனும் ஏரியிலே ஒரு கல்லை எறிந்தால் போதும், ஆவி சினந்தெழும்; இடியும் மழையும் பெருவெள்ளமும் லூசர்ன் நகரை அழித்துவிடும்!

பாட்டி கதை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இது பாட்டியோடு நிற்கவில்லை. அரசின் சட்டமாயிற்று! மலை ஏறுவது குற்றம் என்றது லூசர்ன் நகர மன்றம். 1387ஆம் ஆண்டு, தடையை மீறி மலையேற முற்பட்ட பாதிரிமார் அறுவர் சிறையில் அடைக்கப்பட்டனர். கதையை ஊட்டியது மதம். கதையைக் காத்தது காவற்கூடம். எந்த நாட்டிலும் இவ்விரண்டும் இணைபிரியாத் தோழர்கள் போலும்.

1555ஆம் ஆண்டு ஜூரிச் நகரத்து மருத்துவர் கொன்ராட் கெஸ்னர் மன்றத்தின் இசைவு பெற்று மலை ஏறினார். செடிகொடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்த அறிஞர் அவர். பூக்கள் மலரும் பருவத்திலே ஆண்டுக்கு ஒரு மலையேனும் ஏறுவேன் என்று, 1541இலேயே நண்பர் ஒருவருக்குத் தம் உறுதியை எழுதியவர். ஆவிக் கதையை அவர் நம்பவில்லை. எனினும், அறிஞர் ஒருவர் நம்பாததால் நாடு நம்புவதை விட்டுவிடுமா? சோதித்துக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

வந்தார் ஒருவர், 1585ஆம் ஆண்டு. பெயர் யோஹானஸ் முல்லர். ஊராரை அழைத்துக்கொண்டு மலை ஏறினார். ஏரிக்கரையிலே நின்றார். பிலாத்துவின் ஆவியை அறைகூவி அழைத்தார். கல்லை எடுத்தார், எறிந்தார். மற்றொன்று எறிந்தார். ஏரியிலே இறங்கி நடக்கவும் செய்தனர். என்ன நடந்தது? எதுவும் நடக்கவில்லை! இடி இல்லை, மழை இல்லை, ஆவியும் இல்லை. நீர் சற்றுக் கலங்கியது, அவ்வளவே. இந்த முல்லர் யார்? மதமறுப்பாளரா? அல்லர். லூசர்ன் நகரத்துத் தேவாலயப் பாதிரியார்! பகுத்தறிவு எந்த அங்கிக்குள்ளிருந்தும் எட்டிப் பார்க்கும் என்பதற்கு இவரே சான்று. ஆனாலும் அச்சம் அடியோடு அகலவில்லை. 1594இல் நகர மன்றமே ஏரிக்கரையை வெட்டி நீரை வடித்துவிட்டது. குடியிருக்க ஏரியே இல்லையென்றால் ஆவி எங்கே போகும்?

அந்த மலையில் இன்று ரயில் ஏறுகிறது. 1889ஆம் ஆண்டு தொடங்கிய பற்சக்கர ரயில். உலகிலேயே மிகச் செங்குத்தானது. நூறு அடி முன்னே செல்வதற்குள் 48 அடி மேலே ஏறுகிறது. பல்லின்மேல் பல் பதியும் வழக்கமான அமைப்பு அந்தச் சரிவிலே வழுக்கிவிடும் என்பதால், எடுவார்ட் லோஹர் என்னும் பொறியாளர் இரு சக்கரங்களைக் கிடையாக வைத்து, நடுத் தண்டவாளத்தை இருபுறமும் கவ்விப் பிடிக்கச் செய்தார். பெட்டியிலே அமர்ந்து கீழே பார்த்தேன். வயிறு கலங்கியது, உண்மையைச் சொல்வதில் வெட்கம் என்ன? உச்சியிலே, முகில் விலகிய நொடியிலே, ஏரியும் நகரும் எண்ணற்ற பனிமுடிகளும் ஒருங்கே தெரிந்தன. பேச்சற்று நின்றேன். அருகிலிருந்த கடையிலே பறக்கும் நாகம் துணிப் பொம்மையாக விற்பனைக்கு இருந்தது. ஒரு குழந்தை அதன் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

அங்கிருந்து வாலே மாநிலம் சென்றோம், ஆலெட்ச் பனியாற்றைக் காண. ஆறு என்றால் ஓட வேண்டும். இது ஊர்கிறது. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்திற்கு, மலைகளின் இடையே, வளைந்து நெளிந்து, கருங்கோடுகள் இரண்டு முதுகிலே ஓட, உறைந்து கிடக்கிறது. பக்கத்து மலைகள் உதிர்த்த கற்களே அந்தக் கோடுகள். ஆல்ப்ஸ் மலையின் மிகப் பெரிய பனியாறு இதுவே. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தனர். பனிக்கட்டிக்கு ஒரு திணை வகுக்க அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை. ஆகவே இதைச் சொல்ல என்னிடம் சொற்கள் குறைவு.

இந்தப் பனியாற்றுக்கும் ஒரு கதை உண்டு. முன்பு குளிர் மிகுந்த நூற்றாண்டுகளிலே பனியாறு ஆண்டுதோறும் வளர்ந்தது. மேய்ச்சல் நிலத்தை நோக்கி முன்னேறியது. பனிக்கட்டி அணையாகி நீரைத் தேக்கிய மெர்யெலன் ஏரி, திடீர் திடீரென உடைத்துக்கொண்டு கீழிருந்த ஊர்களிலே வெள்ளமாகப் பாய்ந்தது. அஞ்சிய ஃபீஷ், ஃபீஷர்டால் ஊர் மக்கள் 1678ஆம் ஆண்டு நேர்ச்சை செய்துகொண்டனர்: ஒழுக்கமாக வாழ்வோம், பனியாறு வளராதிருக்க வேண்டுவோம் என்று. 1862 முதல் ஆண்டுதோறும் பவனியும் நடத்தினர்.

ஆண்டுகள் உருண்டன. பனியாறு வளரவில்லை, தேய்ந்தது! பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. வேண்டுதல் பலித்தது என்று களிக்கலாமே! களிக்க முடியவில்லை. உருகும் பனி ஊரின் நீருக்கும் வாழ்வுக்கும் ஊறு விளைவிக்குமே! என்ன செய்தனர்? நேர்ச்சையை மாற்றிக்கொள்ளப் போப்பாண்டவரிடம் இசைவு கேட்டனர். 2010இல் இசைவும் கிடைத்தது. "வளராதே" என்று முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வேண்டியவர்கள், இப்போது "உருகாதே" என்று வேண்டுகிறார்கள்!

நகைப்புக்கு இடமுண்டு. ஆனால் அந்த எளிய மக்களைப் பார்த்து நகைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அஞ்சியது பொய்ப் பேய்க்கு அன்று, மெய்யான வெள்ளத்துக்கு. பனி உருகுவதும் மெய். 2022, 2023 என்னும் ஈராண்டுகளில் மட்டும் சுவிட்சர்லாந்துப் பனியாறுகள் தம் பருமனில் பத்தில் ஒரு பங்கை இழந்தன. நிலக்கரியும் எண்ணெயும் எரிந்து வெளிவந்த புகையே முதற்காரணம். அந்தப் புகையிலே நான் ஏறிச் சென்ற விமானத்தின் புகையும் உண்டு.

நான் ஊர் திரும்பிய மறு ஆண்டு ஒரு செய்தி படித்தேன். அதே வாலே மாநிலம், லோட்சென்டால் பள்ளத்தாக்கு, பிளாட்டன் என்னும் சிற்றூர். மேலே மலை இடிந்து, பாறைகள் பனியாற்றின்மீது குவிந்து, பாரம் தாங்காமல் பனியாறு விரைந்து நகரத் தொடங்கியதை அளவுக் கருவிகள் காட்டின. 2025 மே 19ஆம் நாள், ஊரார் ஏறத்தாழ முந்நூறு பேரும் வெளியேற்றப்பட்டனர், ஆடுமாடுகளையும் கொண்டுபோயினர். மே 28ஆம் நாள் பனியாறு சரிந்து ஊரின் பெரும்பகுதியைப் புதைத்தது. ஒருவர் உயிரிழந்தார். ஏனையோர் பிழைத்தனர். அவர்களைப் பிழைக்க வைத்தது பவனி அன்று, பார்வை. இரவும் பகலும் மலையை அளந்துகொண்டிருந்த அறிவியலின் பார்வை.

பனியாறுகளின் உண்மையை முதலில் கண்டவர் யார் என்பதும் கேட்கத்தக்கதே. ஜான் பியேர் பெரோடன் என்பவர் மலையாடு வேட்டையாடி வாழ்ந்தவர், பட்டம் பெற்றவரல்லர். பள்ளத்தாக்குப் பாறைகளிலே கீறல்களைக் கண்டார். எங்கிருந்தோ வந்து கிடக்கும் பெரும் பாறைகளைக் கண்டார். முற்காலத்தில் இப்பள்ளத்தாக்கு முழுவதையும் பனி நிறைத்திருந்தது, பனிதான் இவற்றைச் சுமந்து வந்தது என்று 1815இலேயே சார்பாந்தியே என்னும் அறிஞரிடம் சொன்னார். அறிஞர் நம்பவில்லை! பின்னர் ஆராய்ந்து உணர்ந்து, அதற்காகவே உழைத்தார். ஆனால் 1837இல் நோஷாத்தல் நகரிலே பனியூழிக் கொள்கையை உரையாக நிகழ்த்திப் புகழை அள்ளிச் சென்றவர் லூயி அகாசி. வேட்டைக்காரனின் கண், பேராசிரியரின் பெயர். நமக்குப் பழக்கமில்லாத பங்கீடா இது?

அந்த அகாசி பின்னர் அமெரிக்கா சென்று, கறுப்பின மக்கள் தாழ்ந்த தனிப்படைப்பு என்று அறிவியலின் பெயராலே பேசினார். 1850இல் அடிமைகளாக இருந்தோரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுக்கச் செய்தார். பாறையின் கீறலை அத்தனை நுட்பமாகப் படித்த கண்ணுக்கு மனிதனின் முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. அவர் பெயரைத் தாங்கிய 3,946 மீட்டர்ச் சிகரம் ஆல்ப்ஸில் உண்டு. அதன் பெயரை மாற்றுக என்ற குரல் எழுந்தது, மாற்றவில்லை. ஆனால் நோஷாத்தல் நகரம் 2019இல் அவர் பெயரிலிருந்த இடத்துக்குத் திலோ ஃப்ரே என்று பெயரிட்டது. திலோ ஃப்ரே, காமரூன் நாட்டில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. சுவிட்சர்லாந்துப் பெண்கள் நாடாளுமன்றத் தேர்தலில் முதன்முதலாக வாக்களித்த 1971ஆம் ஆண்டே, அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

நாங்கள் சுற்றித் திரிந்தபோது ஒரு வியப்பு. காட்டுக்குள் நுழைகிறோம், புல்வெளியிலே நடக்கிறோம். யார் நீ, எந்த ஊர், எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்கவில்லை. காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் நடக்க எவருக்கும் உரிமை உண்டு என்று 1912 முதல் நடைமுறையிலிருக்கும் அந்நாட்டு உரிமைச் சட்டத்தின் 699ஆவது பிரிவு சொல்கிறது. என் பாட்டியின் ஊரிலும் ஒரு மலை உண்டு. அதன் நிழலிலே பிறந்து, அதன் நிழலிலே உழைத்து, அதன் நிழலிலே மாண்டவர் பாட்டி. ஒருநாளும் அதில் ஏறியதில்லை. வழி மேலத்தெரு வழியே சென்றது; அந்தத் தெருவிலே அவர் நடக்கக்கூடாது. அங்கே பேய் எதுவும் இல்லை. மனிதர்கள் இருந்தார்கள்.

உரிமை அங்கேயும் எல்லா இடத்திலும் தானாக வந்துவிடவில்லை. இங்கிலாந்திலே கிண்டர் ஸ்கவுட் என்றொரு மேட்டு நிலம். 636 மீட்டர்தான். ஆனால் சீமான்கள் பறவை சுட்டு மகிழ ஒதுக்கிய இடம்; ஆலைத் தொழிலாளி கால் வைக்கக் கூடாது. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், மான்செஸ்டர்ப் பகுதி இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் திரண்டு ஏறினர். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது. காவலர்களோடு கைகலப்பு, ஐவருக்குச் சிறை. வைக்கத்துத் தெருவில் நடக்கும் உரிமைக்காக 1924இல் இருமுறை சிறை சென்ற பெரியார், அந்த 1932ஆம் ஆண்டு ஐரோப்பாவிலேதான் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தார். ஜூன் மாதம், அந்த மேட்டு நிலத்துக்கு வெகுதொலைவில்லாத மெக்ஸ்பரோவில் தொழிலாளர் கூட்டத்தில் பேசினார். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் பிறந்தது. 1951இல் அந்த மலைப்பகுதியே இங்கிலாந்தின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2002இல், அன்றைய நில உடைமையாளரான டெவன்ஷர் கோமகனின் பேரர், தம் பாட்டனாரின் செயலுக்காக மக்கள் முன்னிலையிலே வருத்தம் தெரிவித்தார்.

அக்காளும் நானும் அந்த மேட்டின்மேல் ஏறினோம். ஆல்ப்ஸைக் கண்ட கண்ணுக்கு அது ஒன்றுமில்லை; கரிய மண், காட்டுப்புதர், ஓயாத காற்று. அக்காள் ஒரு பாறைமேல் அமர்ந்து, தொலைபேசியிலே அம்மாவை அழைத்தாள். பாட்டி ஊர் மலையிலே இப்போது எல்லாரும் ஏறுகிறார்களா என்று கேட்டாள்.

"படிக்கட்டெல்லாம் கட்டியிருக்கிறார்களாம், விளக்கும் போட்டிருக்கிறார்களாம். ஆனால் வழி அந்தத் தெரு வழியாகத்தானே அம்மா! நம்மவர் எவரும் போவதில்லை" என்றார் அம்மா.

வரும் பொங்கலுக்கு அக்காள் ஊருக்கு வருகிறாள். மேலத்தெரு வழியாகவே செல்வதென்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அம்மாவும் உடன் வருகிறார்.